எறும்பு மொய்ச்ச கல்லு

…எறும்பு தம்பி, எறும்பு! வெல்லத்துல மொய்க்கும், செத்த பல்லியில மொய்க்கும், தூங்கற பிள்ள வாயோரத்துல மொய்க்கும், சரி. சிமெண்டுக் கல்லுல மொய்க்குமா? பிளித்தார்லேருந்து இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்களே, வர்ற வழியில எத்தன வீடு, எத்தன மதிலு, எத்தன பாலம்… ஒண்ணுலயாவது எறும்பு வரிசகட்டி ஏறிப் பாத்தீங்களா? இல்லல்ல? எங்க கொல்லையில வந்து பாருங்க. நாநூறு கல்லு. நாநூறுலயும் எறும்பு. நான் எங்க போய் முட்டிக்கிறது!

உக்காருங்க, உக்காருங்க. ஏன் எந்திரிக்கிறீங்க? மெஷினா? மெஷினு எங்க ஓடிடப் போவுது, இரும்புக்குக் கால் மொளச்சிடுமா? நீங்க கல்லு அடிக்கற அச்சு மெஷின ஏத்திட்டுப் போக வந்திருக்கீங்க, தெரியும். எங்க வீட்டுக்காரரு நேத்து உங்க மொதலாளிகிட்ட போன்ல பேசி முடிச்சிட்டாரு, அதுவும் தெரியும். பேசின மனுஷன் இருக்கணுமா வேணாமா? அவரு விடிஞ்சதும் விடியாததுமா மேட்டுல இருக்கற ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு. அவரு இல்லாதப்ப நான் தூக்கிக் குடுத்தேன்னு வைங்க, நாளைக்கே ஊரு என்ன பேசும்? ‘எவனோ வந்தான், காத்தெமி காப்பியும் குடுத்து மெஷினையும் குடுத்தனுப்பிட்டா’ன்னு பேசும். எனக்கு இருக்கற பேரு போதும்.

என்னது, மெஷினுல கைப்பிடியக் காணோமா? அட, நீங்க அதுக்குள்ள கொல்லப்பக்கம் போய் பாத்துட்டீங்களா! கெட்டிக்காரருதான். கெடக்கும், எங்கயாச்சும் கெடக்கும். மொதல்ல காப்பி.

தொடாதீங்க! இப்பத் தொடாதீங்க. மண்டி எறங்கணும். அவசரப்பட்டுக் குடிச்சா வாயெல்லாம் தூளு. எங்க துலுங்காகுங் பக்கம் காப்பி குடிக்கறது பாதி வேலதான் தம்பி, மீதி வேல சிகரெட்டுக்கு. தெளிஞ்சத மேலாகக் குடிச்சிட்டு, அடியில நிக்கற மண்டியத் தட்டுல கவுத்து, காகிதத்த வெச்சு ஈரத்த ஒத்தி எடுத்துட்டு, தீக்குச்சியால சிகரெட்டு மேல கோடு கோடா வரையணும். பூ போடுறவன் பூ போடுவான், பொண்டாட்டி பேரு எழுதறவன் எழுதுவான்… ஒருத்தன் எழுதினது வேற எவ பேரோ, அது பெரிய கத, அப்புறம் சொல்றேன். காஞ்சதும் பத்த வெச்சா வாசன தெருமொன வரைக்கும் போவும். என் கடையில ஒரு சிகரெட்டாவது வரையாம எந்திரிச்சவன் கெடையாது. ரோந்து வர்ற போலீஸ்காரனே தொப்பியக் கழட்டி வெச்சிட்டு நாக்கக் கடிச்சிக்கிட்டு வரைவான்.

சிகரெட்டு பழக்கம் இல்லையா? லாரி ஓட்டிக்கிட்டு சிகரெட்டு பழக்கம் இல்லையா! உங்கம்மா குடுத்து வெச்சவங்க. பரவால்ல, வரைஞ்சு வெச்சிட்டுப் போங்க. எவனாவது ஊதுவான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், எறும்பு. எறும்புக்கு முன்னாடி சேறு. எல்லாம் அந்த வெள்ளச் சேத்தால வந்த வென. வர்ற வழியில ரெண்டு பக்கமும் மார்பிள் பட்டறைங்க பாத்திருப்பீங்க. ரம்பம் ஓடிக்கிட்டே இருக்கும், அது மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். கல்லு குளிக்கற தொட்டியாவும் கபுருக்கல்லாவும் மாறி ஊரூராப் போயிடும். சேறு மட்டும் எங்களுக்கு! காவாயில சேறு, வயல்ல சேறு, காஞ்சிட்டா காத்துல மாவு. கொடியில கெடக்கற துணிய ஒதறினா இன்னொரு துணி கீழ விழும். எங்க வீட்டுப் பூன இருக்கே, அது கறுப்புப் பூனன்னு போன மழையில அது நனஞ்சு வந்தப்பத்தான் எனக்கே தெரியும். நாலு வருஷமா வெள்ளப் பூனைக்குச் சோறு போடறதா நெனச்சிட்டிருந்தேன்.

அந்தச் சேத்தப் பொண்ணு பாக்க வந்த மாதிரி வந்தா ஒருத்தி. மாலாங் காலேஜுப் பொண்ணு. ரத்ரின்னு பேரு. தோள்ல ஒரு பை, கையில ஒரு தராசு, ஒரு சல்லட. நேராப் பட்டறைக்காரன்கிட்டப் போய், ‘உங்க சேறு வேணும்’னு கேட்டிருக்கா. அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சாம். அந்தச் சேத்த எங்க கொண்டுபோய்க் கொட்டுறதுன்னு தெரியாம, கொட்டுன எடத்துல எல்லாம் திட்டு வாங்கிக்கிட்டு இருந்தவன். அவன் கட்டின பொண்டாட்டிகூட அவன்கிட்ட அவ்ளோ மரியாதையா ஒண்ணும் கேட்டதில்ல.

அப்புறம் இங்க வந்து உக்காந்தா. இதே பெஞ்சுதான். நாலு காப்பி குடிச்சா. ஒரே மூச்சுல சொல்றா, இந்தச் சேத்தக் காயவெச்சு சலிச்சா வர்ற மாவ, சிமெண்டுல ஒரு பங்கக் கொறச்சிட்டு அதுக்குப் பதிலாப் போட்டு கல்லு செய்யலாமாம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ என்ன பண்ணா தெரியுமா? என் கடலை டப்பாவத் தூக்கி மேசையில வெச்சு, ‘இது நெறஞ்சிடுச்சாம்மா?’ன்னா. நெறஞ்சிடுச்சு, கண்ணு தெரியலையான்னேன். மேல அரிசியக் கொட்டிக் குலுக்குறா. அரிசி பூரா உள்ள எறங்கிடுச்சு! ‘மணலுக்கு நடுவுல இப்படித்தான் சந்து இருக்கும்மா, இந்த மாவு அதுல போய் உக்காந்துக்கும். பத்துல ஒரு பங்கு சிமெண்டக் கொறச்சு இதப் போடுங்க. அதுக்கு மேல ஆசப்படாதீங்க’ன்னா. எல்லாம் சரி, அரிசியிலேருந்து கடலையப் பொறுக்கி எடுத்தது யாரு? காலேஜா வந்து பொறுக்குச்சு? நான்தான். ஒரு மத்தியானம் பூராப் போச்சு.

எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. சரெங்காத்துன்னு பேரு, உங்க மொதலாளி சொல்லியிருப்பாரு. அவரு நாள் பூராப் பேசினா பத்து வார்த்த. ரம்பத்துகிட்டயே இருபது வருஷம் நின்னாரா, எடது காது அடஞ்சு போச்சு. ‘காத்தெமியக் கட்டினதுக்கு அந்தக் காதாவது நிம்மதியா இருக்கட்டும்’னு இந்தக் கடையில உக்காந்துக்கிட்டே சொல்றானுங்க! அவனுங்களுக்குக் காப்பி ஊத்தறேன் பாருங்க, என்னச் சொல்லணும். கூலி வேல போதும்னு சொல்லி மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் இந்த அச்சு மெஷின வாங்குனாரு. வாங்குன அன்னைக்கு அதுக்கு எண்ணெ போட்டுத் தொடச்சாரு பாருங்க, எனக்கே கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு.

‘செஞ்சு பாப்போம்’னாரு. ரெண்டு வார்த்த. செஞ்சாரு. பத்துக்கு ஒண்ணுன்னா பத்துக்கு ஒண்ணு, கிண்ணத்துல அளந்து, மேல குச்சிய வெச்சுத் தட்டையா வழிச்சு விட்டு, நாப்பது கல்லு. நல்லா வெளுப்பா, பாக்கவே கண்ணுக்குக் குளுமையா இருந்துச்சு. ரத்ரி அதுல பத்த மாலாங்குக்கு எடுத்துட்டுப் போய் ஏதோ மெஷினுல வெச்சு நசுக்கி இருக்கா. கல்லு செய்யறது ஒரு வேலன்னா அத நசுக்கறது ஒரு படிப்பு! நசுக்கிட்டு போன் பண்ணா, ‘ஐயா, ரொம்ப நல்ல கல்லு’ன்னு. அன்னைக்கு அந்த மனுஷன் ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாரு தம்பி. சாப்பிட்டுட்டு, ‘சம்பல் நல்லாருக்கு’ன்னாரு. முப்பது வருஷத்துல மொதத் தடவ.

கோடு கோணலாப் போவுது பாருங்க. குச்சிய சாச்சுப் பிடிங்க. ஆங்… அப்படி.

அப்பத்தான் ஊர்த்தலைவரு வந்தாரு, கபுருஸ்தான் பாதைக்குக் கல்லு வேணும்னு. நீங்க எங்க கபுருஸ்தானப் பாத்ததில்லையே. செங்குத்தா மேடு. வெறும் களிமண்ணு. உயிரோட நடக்கறவன் தெருவுக்கு இன்னும் கல்லு போடல, செத்தவன் போற பாதைக்கு மட்டும் அவசரம்னு நான்கூடச் சொன்னேன். ஆனா போன மழையில என்ன ஆச்சு தெரியுமா? கசிரான் பெரியவரு மவுத்தாயிட்டாரு. அவர வெச்சிருந்த சந்தூக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போன நாலு பேரும் பாதி மேட்டுல வழுக்கி விழுந்துட்டானுங்க. சந்தூக்கு சர்ர்ருன்னு கீழ வந்து என் கடை வாசல்ல நின்னுடுச்சு! உயிரோட இருந்தப்ப தெனம் காலையில எந்த எடத்துல வந்து நிப்பாரோ, சரியா அந்த எடத்துல. எல்லாரும் ‘யா அல்லாஹ்’ன்னு அலர்றானுங்க. கசிரான் பெரியவரு ஒருத்தருதான் ஒண்ணும் சொல்லல. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல தம்பி, பாவம்தான், மன்னிப்புக் கேட்டுத் தொழுதுட்டேன், அதவிடுங்க.

அதனால நோன்பு மாசத்துக்கு முன்னாடி எல்லாரும் கபுருக்குப் பூப்போடப் போவோம்ல, அதுக்குள்ள பாத போட்டாகணும். ரெண்டாயிரம் கல்லு. ‘சரெங்காத்து, உன்ன நம்பறேன். சேத்துக் கல்லுன்னு எல்லாரும் சிரிக்கறானுங்க, மொதல்ல நாநூறு செஞ்சு காட்டு, அப்புறம் மீதி’ன்னாரு தலைவரு. பேரு பெத்த ஆர்டரு தம்பி. இது ஒண்ணு நின்னுடுச்சுன்னா பக்கத்து நாலு ஊரும் இவர்கிட்டதான் வரும். இல்லன்னா டவுன் ஃபேக்டரிக்குப் போயிடும்.

நாநூறு அடிச்சாரு. தெருவே வந்து கைகுடுத்துச்சு. ஒருத்தன் மணலு, ஒருத்தன் தண்ணி, பக்கத்துலயே காப்பிக்கடை வெச்சிருக்கற என் நாத்தனா துமீரா வந்து நின்னு வாயி. காலையில ஆரம்பிச்சு சாயங்கால அசர் தொழுகைக்குள்ள முடிச்சிட்டாங்க. பலகை பலகையா வரிசையா அடுக்கி, ஈரச் சாக்குப் போத்தி, குழந்தையத் தூங்க வெக்கறாப்ல வெச்சாரு.

மறுநாள் தொட்டுப் பாத்தா களி. சரி, ஈரம் அதிகம்னாரு. மூணாம் நாளு களி. அஞ்சாம் நாளு நான் வெரல வெச்சேன், வெரலு உள்ள போவுது தம்பி! பெசஞ்ச மாவாட்டம்! எட்டாம் நாளு எறும்பு.

அப்புறம் பேச ஒரு விஷயம் கெடச்சா ஊரு விடுமா? துமீரா, ‘சேத்துல செஞ்சா சேறாத்தான் இருக்கும் அண்ணி’ன்னா. பாருங்க, மூணு நாளு யோசிச்சு சொல்லியிருக்கா. ஒருத்தன், மலைய வெட்டுறது மலைக்குப் பிடிக்கலன்னான். ஓதிப் பாக்கற கிழவரு ஒருத்தரு வந்தாரு. எறும்ப உத்துப் பாத்துட்டு, ‘இது யாரோ பெரியவங்க வந்து போற அடையாளம்’னாரு. வந்து போறவங்க ஒரு கல்லையாவது காயவெச்சிட்டுப் போகக் கூடாதா? ரெண்டு காப்பி குடிச்சிட்டு, மூணு சிகரெட்டு வரைஞ்சிட்டு, கெளம்பிட்டாரு. நானும் சும்மா இருக்கல. சிமெண்டுக் கடைக்குப் போய் மட்டச் சரக்கு குடுத்துட்டான்னு சண்ட போட்டேன். தெருவுல கூட்டம் கூடிடுச்சு. அப்புறம் ரத்ரியத் திட்டினேன். நசுக்கத் தெரிஞ்சவளுக்குச் செய்யத் தெரியுமான்னேன். அந்தப் பொண்ணு போன்ல அழுதுச்சு… அது தப்புத்தான். அழ வெச்சிருக்கக் கூடாது.

அவரு மட்டும் யாரையும் ஒண்ணும் சொல்லல. ‘என் கைதான் தப்பு’ன்னாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம் பன்னெண்டு நாளா இந்தக் கடைப் பக்கம் காப்பிக்கு வரல. கொல்லையில அந்தக் கல்லுங்க முன்னாடி குத்தவெச்சு உக்காந்துக்கிட்டு, ஒவ்வொண்ணா வெரலால தொட்டுப் பாக்கறது. செல்லமா வளத்த ஆட்டுக்குச் சீக்கு வந்தா பாக்கற மாதிரி. நேத்து திடீர்னு எந்திரிச்சு உங்க மொதலாளிக்கு போன் போட்டு, மெஷின எடுத்துக்கோங்கன்னுட்டாரு. இன்னைக்கு விடிஞ்சதும் தலைவர்கிட்ட ‘என்னால ஆகாது’ன்னு சொல்லப் போயிட்டாரு. மறுபடியும் ரம்பத்துக்குக் கூலியாப் போறாராம். இருக்கற ஒரு காதையும் குடுத்துட்டு வரட்டும்!

இல்ல, கண்ணு கலங்கல. அடுப்புப் பொக.

என்ன, ஒட்ட மாட்டேங்குதா? காயக்காய உதிருதுல்ல? உதிரும், உதிரும். வெறும் மண்டி ஒட்டாது தம்பி, அதுல சாரம் இல்ல. அதுக்கு ஒரு கைவேல இருக்கு. தட்ட இப்படித் தள்ளுங்க. பாத்தீங்களா, டின்பாலு. சக்கர போட்ட கெட்டிப்பாலு. ரெண்டே சொட்டு… கொழைக்கணும்… இப்ப இழுங்க கோட்ட. எப்படி நிக்குது? பசையாட்டம் பிடிச்சுக்கும். துமீரா கடையில வரைஞ்ச சிகரெட்டு சட்டப்பையில போறதுக்குள்ள உதிர்ந்துடும், என் கடைச் சிகரெட்டு மழையில நனஞ்சாக்கூட கோடு போகாது. இந்தச் சுத்துவட்டாரத்துலயே மண்டிய ஒட்டவெக்கறதுல காத்தெமிய அடிச்சுக்க ஆளு கெடையாது. எந்த மண்டின்னாலும் சரி, காப்பி மண்டியோ, மார்பிள் மண்டியோ…

…

என்ன அப்படிப் பாக்கறீங்க?

குச்சியக் கீழ வைங்க. வெச்சிட்டு என்னப் பாத்துச் சிரிக்காதீங்க. சிரிக்கலையா? பின்ன அந்த மீச ஏன் ஆடுது?

ஆமா. நான்தான். போதுமா? நான்தான் ஊத்தினேன்!

நல்லதுக்குத்தான் தம்பி ஊத்தினேன். மொதல்ல செஞ்ச நாப்பதுல ரெண்டு கல்லுக்கு ஓரம் லேசா உதிர்ந்துச்சு. பலகையிலேருந்து எடுக்கும்போது இடிச்சிருப்பாரு, எந்தக் கல்லுக்கும் ஆகறதுதான். ஆனா இந்த மனுஷன் சோத்துல கை வெச்சுக்கிட்டே, ‘சேறு ஒட்டுமா, ஒட்டாதா’ன்னு எங்கயோ பாத்துட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு மனசு கேக்கல. இவ்ளோ நாளா ஊருக்கே மண்டிய ஒட்டவெக்கறவ, கட்டின புருஷனுக்கு ஒட்டவெக்க மாட்டேனா? நாநூறு அடிக்கற அன்னைக்குக் காலையில அவரு தொழப் போயிருந்தாரு. கல்லுக்குக் கலக்கறதுக்குன்னு டிரம்முல தண்ணி நெறச்சு வெச்சிருந்தாரு. போய் ஊத்திட்டேன். ஒரு டின்னு ஊத்தினேன். டிரம்மு பெருசா இருந்துச்சு, இன்னொண்ணு ஊத்தினேன். அப்புறம்… ஆறு. ஆறு டின்னு. கையால கலக்கியும் விட்டேன். கல்லு கெட்டியானதும், ‘இதுல யாரு கை இருக்கு தெரியுமா’ன்னு சொல்லி அந்த மொகத்தப் பாக்கணும்னு ஆச. அந்தச் சம்பலுக்கு ஒரு வார்த்த சொன்னாருல்ல, அந்த மாதிரி இன்னொரு வார்த்தைக்கு.

அய்யோ, தெரியாது தம்பி, சத்தியமா அப்பத் தெரியாது! கல்லு காயலன்னப்பகூட நான் பாலச் சந்தேகப்படவே இல்லையே. பாலு இல்லன்னா இன்னும் மோசமாப் போயிருக்கும்னு நெனச்சேன். எறும்பு வந்தப்பத்தான் லேசா ஒரு சந்தேகம் தட்டுச்சு. அத அந்த ஓதற கிழவரு சொன்ன பெரியவங்க மேல போட்டு மூடிட்டேன்.

இன்னைக்கு ஏழு மணிக்கு ரத்ரி போன் பண்ணா. அவரு செல்போன சார்ஜுல போட்டுட்டுப் போயிட்டாரு, நான் எடுத்தேன். நேத்து அவரு எறும்பு மொய்க்கற போட்டோவ அனுப்பி வெச்சிருக்காரு. ‘அம்மா, எறும்பு ஏன் வருது? அதுல இனிப்பு ஏதாச்சும் விழுந்துச்சா?’ன்னா. ‘ஏம்மா, இனிப்பு விழுந்தா என்ன ஆகும்?’னு கேட்டேன். அப்படிக் கேட்டதுமே அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிடுச்சு போல. ‘ஒரு மூட்ட சிமெண்டுக்கு ஒரு கைப்பிடி சக்கர விழுந்தாக்கூட அது எறுகாதும்மா. சேத்து மேல தப்பில்ல, ஐயா கை மேலயும் தப்பில்ல. டிரம்ம நல்லாக் கழுவிட்டு இன்னைக்கே மறுபடி ஆரம்பிச்சா நோன்புக்குள்ள பாத போட்டுடலாம்’னா. திட்டக்கூட இல்ல. நான் அழ வெச்ச பொண்ணு. திட்டியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

ஓடிப் போய் அவரு மேடு ஏறறதுக்குள்ள நிறுத்தியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. கேக்கலன்னாலும் அந்த மூஞ்சி கேக்குது. கடையில ஆளு இருந்துச்சு… இல்ல, பொய்யி. ஒரு ஈ காக்கா இல்ல. பயமா இருந்துச்சு தம்பி. துமீராவுக்கு மட்டும் இது தெரிஞ்சுதுன்னு வைங்க, நான் கபுருக்குப் போற வரைக்கும் சொல்லிச் சிரிப்பா. போன பின்னாடியும் என் கபுரு மேல நின்னு சிரிப்பா. சிமெண்டுக் கடைக்காரன் சும்மா விடுவானா? ஊரே ‘பால்காரி’ன்னு பேரு வெச்சிடும். வாய் இருக்கு, ஊருல ஒருத்தரையும் விட்டு வெக்காத வாயி, அவருகிட்ட சொல்ல மட்டும் வரமாட்டேங்குது. பாருங்க, உங்ககிட்ட எவ்ளோ ஈசியாச் சொல்லிட்டேன்! உங்க பேருகூடத் தெரியாது.

கைப்பிடியா? இன்னும் நீங்க அத விடலையா? சரி, சொல்றேன். அரிசி டிரம்முக்குள்ள இருக்கு. உங்க வண்டிச் சத்தம் தெருமொனையில கேட்டதும் மெஷினுலேருந்து கழட்டி அரிசிக்குள்ள பொதச்சிட்டேன். திருட்டுத்தனம்தான். அது இல்லாம அந்த மெஷினு வெறும் இரும்புப் பெட்டி, உங்க மொதலாளி வாங்கமாட்டாருல்ல? எடுத்துத் தரணும்னா தர்றேன். ஆனா நீங்களே சொல்லுங்க, கல்லுல தப்பில்ல, கையில தப்பில்ல, மெஷினுல தப்பில்ல… மெஷினு ஏன் போகணும்?

…

இருங்க. மேட்டுப் பாதையில யாரு அது… செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு… அவருதான். அல்லாஹ்! வந்துட்டாரு. தம்பி, நீங்க கூட இருங்க. நீங்க இருந்தா அவரு சத்தம் போடமாட்டாரு. இல்லன்னாலும் போடமாட்டாரு, அதுதான் பயமே. நீங்க ஆரம்பிச்சு வைங்களேன், ‘உங்க சம்சாரம் ஏதோ சொல்லணுமாம்’னு மட்டும் சொல்லுங்க, மீதிய நான்… தம்பி? எங்க போறீங்க? தம்பி! ஏங்க! காப்பிய முழுசாக் குடிக்கல!

வண்டியக் கெளப்பிட்டானே… பின்னாடி ஒண்ணும் இல்லாம, வெறும் வண்டியா! ‘கைப்பிடி கெடைக்கல, கைப்பிடி கெடைக்கல’ன்னு ஜன்னல் வழியாக் கத்திட்டுப் போறான் பாரு. பொய் சொல்றான். நல்லா இருப்பான், மகராசன்.

ஏங்க, வந்துட்டீங்களா… காலு பூராக் களி… இந்தாங்க, செம்புத் தண்ணி. அந்த வண்டியா? அது… அவனுக்கு ஏதோ அவசரமாம். தலைவரு என்ன சொன்னாரு? ‘யோசிச்சு நாளைக்கு ஃபேக்டரிக்குச் சொல்றேன்’னாரா? நாளைக்குத்தானே! இன்னைக்குச் சொல்லலையே! இல்லங்க, நான் ஏன் சந்தோஷப்படப் போறேன்… அந்தச் சிகரெட்டா? அது இப்ப வந்த டிரைவரு வரைஞ்சது. அவனுக்குப் பழக்கம் இல்லயாம். என்ன வரைஞ்சிருக்கானா? எனக்கென்ன தெரியும், பூவா இருக்கும். குடுங்க பாப்போம்…

எறும்பு.

அடப் பாவி. வரிசையா… ஆறு எறும்பு.

ஏங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. நல்ல காது இருக்கற பக்கம். எறும்பு ஏன் வருதுன்னு எல்லாரையும் கேட்டீங்கல்ல, என்ன மட்டும் கேக்கல. பாலு. டின்பாலு. நான்தாங்க ஊத்தினேன். நீங்க தொழப் போனப்ப, தண்ணி டிரம்முல. மண்டி ஒட்டறதுக்கு ஊத்தறாப்ல. சக்கர பட்டா சிமெண்டு எறுகாதாம், ரத்ரி சொன்னா. உங்க கையில ஒரு தப்பும் இல்ல. நல்ல கை. அந்தக் கை மேலயா பழி போட்டீங்க… பன்னெண்டு நாளு நான் பாத்துக்கிட்டே இருந்தேனே… என்ன நாலு அடி அடிச்சாலும் சரி.

…

அந்தச் சிகரெட்ட ஏன் பிடுங்கறீங்க, எறும்ப எண்ணறீங்களா?

எத்தன டின்னா? …ஆறு.

சிரிக்கிறீங்களா அழறீங்களா, மூஞ்சியக் காட்டுங்க மொதல்ல! சிரிக்கிறாரு! பாவி மனுஷா, நான் இங்க செத்துப் பொழச்சிட்டிருக்கேன், பெஞ்சத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு! போதும், மூச்சு முட்டப் போவுது.

என்ன? தலைவர்கிட்டயா? நானே வந்து சொல்லணுமா? எல்லாரும் இருக்கறப்பவா… துமீரா வீட்டு வாசலத் தாண்டித்தானே போகணும்… சரி. வர்றேன். சிரிக்கட்டும். அந்த சிமெண்டுக் கடைக்கும் போயிட்டே வரலாம், அவன்கிட்டயும் ஒரு வார்த்த இருக்கு. இருங்க, கைப்பிடி அரிசிக்குள்ள இருக்கு, எடுத்து மாட்டிட்டே போவோம். அத ஏன் அங்க வெச்சேன்னு கேக்காதீங்க, வழியில சொல்றேன்.

இப்பவேவா? காப்பி குடிச்சிட்டுப் போலாம்கிறீங்களா… குடிக்கிறீங்களா நெசமா? உக்காருங்க, உக்காருங்க, இதோ ஒரு நிமிஷம்! கொதிச்சுக்கிட்டேதான் இருக்கு. எப்பவும் போல மேலாப்ல ஒரு கரண்டி பா…

சரிங்க, சரி. பாலு வேணாம். டின்ன உள்ள வெச்சிட்டேன், பாருங்க, உள்ள வெச்சிட்டேன்.